ஐந்து பேர் மட்டுமே உள்ள வகுப்பில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி:

என் கணவர் பொறியாளர். மங்கோலியாவில் சைன்ஷாந்த் நகருக்கு அருகே இந்திய அரசின் கடனுதவியுடன் கட்டப்பட்டுவரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்றுகிறார். ஒப்பந்தம் 3 ஆண்டுகள். வரும் ஆகஸ்ட் மாதம் நானும் பிள்ளைகளும் தலைநகரான உலான் பத்தூருக்குக் குடிபோவதாக இருக்கிறோம். மகள் திருச்சியில் சிபிஎஸ்இ பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மகன் யூகேஜி முடித்திருக்கிறான். அங்கே நாங்கள் பார்த்திருக்கும் சர்வதேசப் பள்ளியில் எல்லா வகுப்புகளையும் சேர்த்து 92 மாணவர்கள்தாம். மகளின் வகுப்பில் அவளையும் சேர்த்து 5 பேர். ஏழும் எட்டும் ஒரே அறையில் நடக்குமாம். பத்தாம் வகுப்பு வரை கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், அதன்பின் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) எனும் சர்வதேசப் பாடத்திட்டம் வரப்போகிறது என்கிறார்கள். இவ்வளவு சிறிய பள்ளியை நம்பிப் போகலாமா? மகளை மட்டும் அம்மாச்சியிடம் விட்டுவிட்டுப் போ என்று என் நாத்தனார் சொல்கிறார். இரவெல்லாம் யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவள் எந்த வகுப்பு முடிந்ததும் ஊர் திரும்புவாள் என்பதை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாடுகளில் இத்தகைய பள்ளிகளில் ஆசிரியையாகவும், பின்னர் கல்வி ஆலோசகராகவும் இருந்தவள். அவற்றுள் 5 ஆண்டுகள் உலான் பத்தூரிலேயே கழிந்தன. அங்கிருந்து இடம் பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளையின் படிப்பு தடுமாறியதற்குப் பள்ளி சிறியதாக இருந்தது காரணமாக அமைந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தவறான ஆண்டில் திரும்பியதுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது.

முதலில் உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். 92 மாணவர்கள் என்றதும், ஒரு வகுப்புக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர் என்ற பள்ளிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது ஏதோ டியூஷன் சென்டர்போலத் தோன்றுவது இயல்புதான். ஆனால் வெளிநாட்டில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பள்ளிகள் பலவும் இப்படித்தான் தொடங்கின. 1924இல் ஜெனீவாவில், ஐநா சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட சர்வதேசப் பள்ளி, விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்ததுதான். உலான் பத்தூர்போல வெளிநாட்டவர் எண்ணிக்கை குறைவாக உள்ள தலைநகரில் ஒரு பள்ளி சிறியதாக இருப்பது அந்த ஊரின் அளவைக் காட்டுகிறதேயன்றி, பள்ளியின் தரத்தைக் காட்டவில்லை.

சிறிய பள்ளியின் உண்மையான சிக்கல் வேறு. பெரிய பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் விலகினால் அவர் இடத்தில் இன்னொருவர் பாடம் எடுப்பார். 92 பேர் படிக்கும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர்தான்; பெரும்பாலும் வேதியியலும் அவரே எடுப்பார். அவர் போனால் அந்த ஆண்டு அந்தப் பாடமே போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே கட்டடத்தையும் இணையத்தில் போட்டிருக்கும் படங்களையும் பார்த்து மதிப்பிடாமல், அங்கே யார் இருக்கிறார்கள், யார் போகப்போகிறார்கள் என்று விசாரியுங்கள். சர்வதேசப் பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் 2 ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள். அடுத்த கல்வியாண்டில் தொடரப்போவதில்லை என்றால் அதைப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே தெரிவித்துவிட வேண்டும். அதனால் ஆகஸ்டில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் யார் எடுப்பார்கள் என்பது இந்நேரம் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள்: அந்த ஆசிரியர் இப்போதே பணியில் இருக்கிறாரா, புதிதாக வருகிறாரா, அவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர், கடந்த 3 ஆண்டுகளில் அந்தப் பொறுப்பில் எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள்? ஒளிவுமறைவில்லாத பள்ளி ஓரிரு நாளில் பெயரோடு பதில் அனுப்பும். எங்கள் ஆசிரியர்கள் அனைவரும் உலகத் தரம் வாய்ந்தவர்கள் என்று மட்டும் பதில் வந்தால், மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். அதற்கும் அதே பதில்தான் என்றால் வேறு பள்ளி பார்ப்பது நல்லது.

ஏழும் எட்டும் ஒரே அறையில் என்பதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டாம். வரலாறு, புவியியல், ஆங்கில இலக்கியம், ஓவியம் போன்றவற்றை இரண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து நடத்தலாம், நன்றாகவே நடக்கும். கணக்கு மட்டும் அப்படி முடியாது. அதற்குத் தனி நேரமும், முடிந்தால் தனி ஆசிரியரும் வேண்டும். ஆகவே வாரத்தின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, கணக்கும் அறிவியலும் எட்டாம் வகுப்புக்குத் தனியாக வாரத்தில் எத்தனை பாடவேளைகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, பிரிட்டிஷ் முறைப்படி நடக்கும் பள்ளிகளில் வகுப்பு எண் நம்முடையதைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். அவர்கள் ஒன்பதாம் ஆண்டு என்று எழுதினால் அது நம் எட்டாம் வகுப்பு. சேர்க்கைக் கடிதத்தில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது, அது எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஊர் திரும்பியபோது ஓராண்டுக்காக வாதாட வேண்டியிருந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, திரும்பி வரும் ஆண்டு. உங்கள் கடிதத்தில் இதுபற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சிபிஎஸ்இ முறையில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து இன்னொன்று. வெளியிலிருந்து வரும் பிள்ளை எளிதாக நுழையக்கூடிய வாசல்கள் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கமும் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கமுமே. ஒன்பதாம் வகுப்பை வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் முடித்துவிட்டு இங்கே வந்து நேராகப் பத்தில் சேர்வது மிகவும் கடினம். உங்கள் மகள் ஆகஸ்டில் எட்டாம் வகுப்பில் சேர்கிறாள். உங்கள் கணவரின் ஒப்பந்தம் சொன்னபடி 3 ஆண்டுகள் நீடித்தால், எட்டு, ஒன்பது, பத்து முடித்துப் பதினொன்றுக்குச் சரியாக ஊர் வந்து சேர்வாள். இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது. ஆனால் ஆலைப் பணி முன்கூட்டி முடிந்தோ வேறு காரணத்தாலோ 2 ஆண்டில் திரும்ப நேர்ந்தால், அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்த நிலையில் வந்து நிற்பாள். அப்படியொரு நிலை வந்தால் கணவர் ஊர் திரும்பிய பிறகும் நீங்களும் பிள்ளைகளும் அங்கே ஓராண்டு தங்க விசா கிடைக்குமா, கட்டணம் யார் கட்டுவார்கள் என்பதை இப்போதே நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால்கூட, பத்து முடிந்ததும் மகள் திரும்புவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் அவளுடைய மருத்துவ ஆசை. நீட் தேர்வெழுதி இந்தியாவில் மருத்துவம் படிக்க வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்தோடு படித்திருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு இணையான ஐபி டிப்ளமோவில் மாணவர் 6 பாடங்கள் எடுக்கிறார். வழக்கமான அமைப்பில் அவற்றுள் இரண்டே அறிவியல் பாடங்கள்தாம் அடங்கும். மூன்றாவது அறிவியலைச் சேர்க்க வேண்டுமென்றால், பல்கலைக்கழக நிபந்தனையைக் காட்டித் தனி அனுமதி பெற வேண்டும். அதற்குப் பள்ளியில் மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர்கள் இருக்கவும் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் நான்கைந்து பேரே படிக்கும் பள்ளியில் இது நடக்கும் என்று நம்பி இரண்டு ஆண்டுகளைப் பணயம் வைக்க முடியாது. அதோடு, ஐபி வரப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐபி அமைப்பு ஒரு பள்ளியை விண்ணப்ப நிலையில் ஏற்றுக்கொள்வது வேறு, அங்கீகரிப்பது வேறு. விண்ணப்ப நிலையிலிருந்து அங்கீகாரம் வரை சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அங்கீகாரம் கிடைக்கும்வரை டிப்ளமோவை அங்கே நடத்த முடியாது. விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, ஐபி அமைப்பின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பள்ளியின் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். கேம்பிரிட்ஜுக்கும் இதையே செய்யுங்கள். அந்தப் பாடப்புத்தகங்களை வைத்துப் பாடம் நடத்துவதும், தேர்வு நடத்தப் பதிவு பெற்ற மையமாக இருப்பதும் ஒன்றல்ல.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வான ஐஜிசிஎஸ்இயில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அறிவியலை மூன்று தனிப் பாடங்களாகவும் எடுக்கலாம். மூன்றையும் இணைத்து இரண்டு பாட மதிப்புள்ள ஒரே படிப்பாகவும் எடுக்கலாம். எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பாட மதிப்பில் முடிப்பதும் உண்டு. ஆசிரியர் குறைவாக உள்ள சிறிய பள்ளிகளுக்கு அந்தச் சுருக்கமான படிப்புதான் வசதி. அதை எடுத்துவிட்டு இங்கே பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் உட்காரும் பிள்ளை முதல் மூன்று மாதம் திணறிப்போகும். தனிப் பாடங்கள் இல்லையென்றால் இரண்டு பாட மதிப்புள்ளதாவது வேண்டும் என்று கேளுங்கள். கணக்கில் இரண்டு நிலைகள் உண்டு. கீழ்நிலைத் தாளை எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. அவள் மேல்நிலைத் தாள்தான் எழுத வேண்டும். தேர்வு மே, ஜூனில் நடந்து, முடிவு ஆகஸ்டில்தான் வரும். அதற்குள் இங்கே பதினொன்றாம் வகுப்பு தொடங்கியிருக்கும் என்பதால், தற்காலிகச் சேர்க்கை தரச் சம்மதிக்கும் பள்ளியைத் திருச்சியில் ஓராண்டு முன்னரே பேசி வையுங்கள்.

இனி அந்த ஐந்து பேர் கொண்ட வகுப்பைப் பற்றி. உங்கள் நாத்தனார் படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார். நானோ மகளின் மனதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியில் வகுப்புக்கு வெளியே, நடைபாதைச் சுவரில், குளிர்கால மேலங்கிகளை மாட்டுவதற்கு வரிசையாகக் கொக்கிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும், கீழே பனிக்காலணிகள். தந்தைக்கு வேலை மாறியதால் ஒரு மார்ச் மாத நடுவில் ஒரு பெண் கிளம்பிப் போனாள். மறுநாள் யாரோ அவள் பெயர்ச்சீட்டை உரித்துவிட்டார்கள்; பசையின் தடம் மட்டும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அடுத்த கொக்கிக்காரியான அவளுடைய தோழி அன்றிலிருந்து தன் அங்கியை அங்கே மாட்டவில்லை. சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்க ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன். நாற்பது பேர் வகுப்பில் ஒருவர் போனால் நாற்காலி நிரம்பிவிடும். ஐந்து பேரில் ஒருவர் போனால், ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே தோழி போய்விட்டாள் என்று ஆகலாம்.

அதனால் பள்ளியிடம் இதையும் கேளுங்கள்: நடுவில் ஒரு பிள்ளை விலகும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? போகிற பிள்ளைக்கு மட்டுமல்லாமல், தங்கிவிடுகிற பிள்ளைகளுக்கும் என்ன செய்கிறீர்கள்? இதை யோசித்துப் பார்த்திருக்கும் பள்ளி, பிள்ளை போவதை முன்கூட்டியே சொல்வது, விடைபெற நேரம் ஒதுக்குவது, மீந்தவர்களை வேறு வகுப்புப் பிள்ளைகளோடு சேர்த்து விளையாட வைப்பது என்று திட்டமாகச் சொல்லும். அதே சமயம், இத்தகைய பள்ளிகளில் பன்னிரண்டு வயதுப் பெண் ஏழு வயதுக் குழந்தைக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதும், பதினாறு வயதுப் பையனோடு சேர்ந்து நாடகம் போடுவதும் அன்றாடம் நடப்பவை. பள்ளி முதல்வருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அது எந்தப் பாடத்தில் சோர்ந்து போகிறது என்பதும் தெரிந்திருக்கும். உங்கள் மகள் ஒரு நாள் முகம் வாடி வந்தால் மதியத்துக்குள் யாராவது கவனித்துவிடுவார்கள். அம்மாச்சியிடம் விட்டுப் போனால் படிப்பு தடையின்றி நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் தந்தை ஏற்கெனவே தொலைவில் இருக்கும்போது, பருவமடையும் வயதில் தாயும் தம்பியும்கூட விலகிப் போனால், அதை ஈடுகட்ட அம்மாச்சியால் முடியாது. கணவரும் தலைநகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோபி பாலைவனப் பக்கத்தில்தான் இருப்பார் என்பதால், உலான் பத்தூரில் நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது இன்னும் அவசியமாகிறது.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். உலகின் தலைநகரங்களிலேயே மிகக் குளிரானது அது. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தியே அல்ல. குளிரைப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். வானம் பெரும்பாலும் வெயிலோடு தெளிவாக இருக்கும், ஆடை சரியாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. புகைதான் பிரச்சினை. நகரத்தைச் சுற்றியுள்ள கூடாரக் குடியிருப்புகளில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் அடுப்புகளிலிருந்து நவம்பர் முதல் பிப்ரவரி வரை புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். 2019இல் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை விதித்து, பதப்படுத்திய கரிக்கட்டிகளைக் கொடுத்த பிறகும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஆகவே, வகுப்பறைகளில் காற்று வடிகட்டும் கருவிகள் இருக்கின்றனவா, உள்ளே காற்றின் தூசி அளவை யார், எப்போது அளக்கிறார்கள், எந்த அளவுக்கு மேல் போனால் விளையாட்டு வேளையை உள்ளே மாற்றுவார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளில் யாருக்காவது வீசிங் தொந்தரவு இருந்தால் இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்; மருத்துவரையும் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து மே நடுவரை குடியிருப்புகளில் வெப்பமூட்டி ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளே காற்று காய்ந்து போகும்; மூக்கில் இரத்தம் வந்தால் பயந்துவிட வேண்டாம், அறையில் ஈரப்பதம் வேண்டும் என்பதற்கான அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். படிப்பைப் பொறுத்தவரை அவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் கதை சொல்வான். ஆனால் அவனுடைய தமிழ் இன்னும் எழுத்துக் கூட்டும் பருவத்தில் இருக்கிறது; 3 ஆண்டு கழித்துத் திரும்பும்போது அவன் நான்காம் வகுப்பு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் அவன் தமிழைப் பாடமாகப் படித்தாக வேண்டும். அப்போது முதல் வகுப்புப் புத்தகத்தோடு அவனை உட்கார வைப்பது அவனுக்கும் வெட்கம், உங்களுக்கும் வேதனை. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே நிலைவாரியாகப் பாடங்கள் வைத்திருக்கிறது, அவற்றைப் பயன்படுத்துங்கள். அதைவிட முக்கியமாக, ஒன்று முதல் மூன்று வரையிலான தமிழ்ப் பாடநூல்களைப் பெட்டியில் எடுத்துச் சென்று தினமும் இருபது நிமிடம் படிக்க வையுங்கள். உலான் பத்தூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதால், அங்கே மாலை ஏழு மணிக்கு அவன் அழைத்தால் அம்மாச்சிக்கு இங்கே மாலை நாலரை. பேரன் வாசிப்பதைக் கேட்க அவருக்கு ஏற்ற நேரம். மகளுக்குத் தமிழ் வாசிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அவளுக்குக் கதைப் புத்தகங்கள் போதும்.

கட்டணத்தை நிறுவனம் தருவதாக இருந்தாலும், சேர்க்கையின்போது ஒருமுறை கட்டும் கட்டட நிதி, பள்ளிப் பேருந்து, உணவு, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றில் எதெல்லாம் அதில் அடங்கும் என்று பாருங்கள். நடுவில் விலகினால் ஒரு பருவத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பள்ளிகளில் உண்டு. அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் அந்தப் பணம் யாருடைய பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

திருச்சிப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் அசலாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் நம் மாற்றுச் சான்றிதழ் போன்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. திரும்பும்போது, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த வகுப்பில் படித்தாள், அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள் என்று முத்திரையோடு கடிதம் தரச் சொல்லுங்கள். இந்தியாவைப் போல மங்கோலியாவும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்பதால், அந்தக் கடிதத்துக்கு அங்கேயே அப்போஸ்டில் முத்திரை, அதாவது வேறு நாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று, வாங்கிவிடலாம். ஊர் வந்தபின் அதற்காக அலைவது பெரும்பாடு.

புறப்படுமுன் கடைசியாக ஒன்று செய்யுங்கள். மகளின் வகுப்பில் உள்ள மற்ற நால்வரில் ஒருவரோடு, இரு பெற்றோரின் சம்மதத்தோடு, ஆகஸ்டுக்கு முன்பே கடிதத் தொடர்பு ஏற்படுத்தித் தருமாறு பள்ளியைக் கேளுங்கள். சிறிய பள்ளிக்கு இது ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. பனிக்காலணி எங்கே வாங்குவது, மதியச் சாப்பாட்டில் இறைச்சி இல்லாமல் என்ன கிடைக்கும், கணக்கு ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணிடமே அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.